ரெண்டு சீட்டு, ஒரு சைக்கிள்

"இது என்ன சார், கதவா?"

இரவு பதினொன்றரை மணி. சென்னை விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று, எட்டிப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. எங்கள் அட்டைப் பெட்டியின் நீளம் எட்டடி. இரண்டு தள்ளுவண்டிகளை முன்னும் பின்னும் நிறுத்தி, அவற்றின்மேல் பெட்டியைக் கிடத்தி, தலைமாட்டில் என் வீட்டுக்காரரும் கால்மாட்டில் நானுமாக உருட்டிக்கொண்டு வந்திருந்தோம். கூட்டம் சத்தமில்லாமல் ஒதுங்கி வழிவிட்டதைப் பார்த்தபோதே, எல்லோர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று புரிந்துவிட்டது. கதவு என்று நினைத்தவர் புண்ணியவதி.

"சைக்கிள்மா" என்றார் இவர்.

"சைக்கிள் இவ்ளோ நீளமாவா இருக்கும்?"

"ரெண்டு பேர் ஓட்டறது."

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். பக்கத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டார். அவர் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். மேற்பார்வையாளர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "புக்கிங்ல ஒரு சைக்கிள்னுதான் இருக்கு. இதுல சீட்டு எத்தனை?" என்றார்.

"ரெண்டு."

"அப்ப ரெண்டு சைக்கிள் சார்ஜ் சார்."

சக்கரம் இரண்டுதானே இருக்கிறது என்று நான் வாதாடினேன். ஆளுக்கொரு டிக்கெட் எடுத்திருக்கிறோம், ஆளுக்கொரு சைக்கிள் கொண்டுவந்திருந்தால் நீங்கள் வாங்கிக்கொண்டிருப்பீர்கள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றுதான் கொண்டுவந்திருக்கிறோம், உண்மையில் உங்களுக்கு லாபம் என்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு சைக்கிளுக்குப் பணம் கட்டினோம்.

இந்த வழக்கு எங்களோடு தொடங்கியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஹாரி டேக்கர் என்ற ஆங்கிலேயப் பாட்டுக்காரர் அமெரிக்காவுக்குக் கப்பலில் போனபோது தன் சைக்கிளையும் கொண்டுபோனாராம். சுங்கக்காரர்கள் அதற்கு வரி போட்டார்கள். புலம்பிக்கொண்டிருந்தவரிடம் ஒரு நண்பர், நல்லவேளை இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிளைக் கொண்டுவரவில்லை, வந்திருந்தால் இரட்டை வரி கட்டியிருப்பாய் என்று கேலி செய்தாராம். அந்தக் கேலி டேக்கரின் மனதில் ஒட்டிக்கொண்டு, 1892-ல் ‘டெய்ஸி பெல்’ என்ற பாட்டாகி உலகம் சுற்றியது என்று ஒரு கதை உண்டு. 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டரைப் பாட வைத்தபோது அது பாடியதும் இந்தப் பாட்டைத்தான். கம்ப்யூட்டருக்கு டேண்டம் சைக்கிளைப் பற்றிப் பாடத் தெரிந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. விமான நிலையக் கம்ப்யூட்டரில் அதைப் பதிவு செய்ய மட்டும் இன்னும் ஒரு கட்டம் கிடையாது.

நம் ஊரில் இரண்டு பேர் ஒரு சைக்கிளில் போனால் டபுள்ஸ். எங்கள் சின்ன வயதில் டபுள்ஸ் போவதும் ராத்திரியில் லைட் இல்லாமல் போவதும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கப்பட்ட குற்றங்கள். போலீஸ்காரர் மடக்கினால் அபராதத்தைவிட அவமானம் பெரிது: வால்ட்யூப்பைப் பிடுங்கிக் காற்றை இறக்கி, தள்ளிக்கொண்டே போ என்று அனுப்பிவிடுவார். டேண்டம் என்பது டபுள்ஸுக்குக் கிடைத்த சட்டபூர்வமான வடிவம். இருவருக்கும் தனித்தனி சீட்டு, ஹேண்டில்பார், பெடல். இரண்டு ஜோடிப் பெடல்களையும் இடது பக்கமாக ஓடும் ஒரு செயின் பிணைக்கிறது. அதனால் முன்னால் ஒரு சுற்று சுற்றினால் பின்னாலும் ஒரு சுற்று. ஒருவர் மட்டும் சும்மா காலைத் தொங்கப்போட முடியாது. பின்னால் இருக்கும் ஹேண்டில் திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

முன்னால் இருப்பவர் கேப்டன். பின்னால் இருப்பவர் ஸ்டோக்கர்: நீராவி எஞ்சினில் கரி அள்ளிப்போடுகிறவருக்கு வைத்த பெயர். திருப்பம், பிரேக், கியர் எல்லாம் கேப்டன் கையில். ஸ்டோக்கருக்குக் கால் இருக்கிறது, வாய் இருக்கிறது. நான் ஸ்டோக்கர். ஒன்பது வருடமாக நான் பார்த்த ஊர்களெல்லாம் இடதுபுறம் கொஞ்சம், வலதுபுறம் கொஞ்சம், நடுவில் இவருடைய முதுகு. பள்ளம் வந்தால் இவர் "பள்ளம்!" என்று கத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். அதை மீறினால் என்ன நடக்கும் என்பதை என் இடுப்பெலும்பு சொல்லும்.

இதில் விளையாட்டு மட்டும் இல்லை. பார்வையற்றவர்களுக்குச் சாலையில் சைக்கிள் ஓட்ட இருக்கும் வழி டேண்டம். பாராலிம்பிக் போட்டிகளில் பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கான சைக்கிள் பந்தயமே இதில்தான் நடக்கிறது. முன்னால் பார்வையுள்ள பைலட், பின்னால் வீரர், பதக்கம் இருவருக்கும். அப்படிப்பட்ட ஒருவர் தனியாக டிக்கெட் எடுத்துத் தன் வண்டியோடு வெளியூர் கிளம்பினால், அவரும் அந்த ‘ஒரு சைக்கிளா, இரண்டு சைக்கிளா’ கவுண்டரில்தான் போய் நிற்க வேண்டும்.

சரி, விமானத்துக்கு டேண்டம் மேல் என்ன கோபம்? விமானப் பயணத்தில் சாமானுக்கு இரண்டு எண்கள்தான் வேதம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டர், அதாவது 62 அங்குலம். எடை, பெட்டிக்கு 23 கிலோ. கூடுதல் பணம் கட்டினாலும் 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியாகப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். தூக்கிப்போடுகிற தொழிலாளியின் முதுகை நினைத்து வைத்த எல்லை என்பதால் அதோடு எனக்குச் சண்டையில்லை. சாதாரண சைக்கிள் இந்த 158-ஐத் தாண்டும். ஆனாலும் அதற்கென்று தனிச் சலுகை வைத்திருக்கிறார்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி அட்டைப்பெட்டியில் வைத்தால் போய்விடும். அந்தச் சலுகையை எழுதியவர் மனதில் ஒற்றைச் சைக்கிள்தான் இருந்திருக்கிறது.

பெரிய விமானங்களில் பெட்டிகளை அப்படியே வயிற்றுக்குள் வீசுவதில்லை. அலுமினியக் கூண்டுகளில் அடுக்கி, கூண்டை உருட்டி ஏற்றுகிறார்கள். அதிகம் புழங்குவது எல்டி-3 என்ற வகை. அடிப்பகுதி 156 சென்டிமீட்டர், ஆழம் 153, உயரம் 163. விமானத்தின் வளைந்த வயிற்றுக்கு ஏற்ப மேலே மட்டும் விரிந்து 201. எங்கள் பெட்டி 240. நிமிர்த்தினாலும் சாய்த்தாலும் குறுக்கே போட்டாலும் போகாது. அது வால்பக்கம் இருக்கும் சின்ன அறையில், கூண்டில்லாத உதிரிச் சாமான்களோடும் கடைசி நேரத்தில் வந்த பெட்டிகளோடும்தான் போயாக வேண்டும். அங்கே இடம் இருக்குமா என்பது அன்றன்றைக்கு யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கவுண்டரில் பணம் வாங்கிக்கொள்பவருக்கு இந்த விவரம் தெரியாது. தெரிந்தவர் கவுண்டரில் உட்கார்வதில்லை.

அந்த முதல் பயணத்தில் நடந்தது அதுதான். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, ரைன் நதிக்கரையோடு ஜெர்மனியின் கொலோன் வரை போவதாகத் திட்டம். கையில் இருந்தது ஒன்பது நாள் விடுப்பு. இடையில் மாறிய ஊரில் அடுத்த விமானம் சின்னது. எட்டடிப் பெட்டியை ஏற்றினால் இருபது பேருடைய பெட்டிகளை இறக்க வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார். தப்பான கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். எங்களிடம் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாமில் கன்வேயர் பெல்ட் நின்ற பிறகும் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான்காவது நாள் சாயங்காலம் வண்டி வந்தது. அட்டை நனைந்து அப்பளமாகியிருந்தது. பெரிய பற்சக்கரம் வளைந்து, செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்று பல்லைக் கடித்தது. பின்சக்கரம் மாட்டும் இரண்டு கவைகளும் உள்வாங்கி நெருங்கியிருந்தன. மேலே எதையோ வைத்து அமுக்கியிருக்கிறார்கள்.

இங்கே அனுபவப்பட்டவள் என்ற முறையில் ஒரு விஷயம். பெட்டி வராவிட்டாலோ உடைந்து வந்தாலோ விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் அங்கேயே எழுதிக்கொடுத்து எண் வாங்கிவிடுங்கள். 1999-ம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கான புகாரைப் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். தாமதத்துக்கு 21 நாள். நஷ்ட ஈட்டுக்கும் உச்சவரம்பு உண்டு. பன்னாட்டு நாணய நிதியத்தின் எஸ்டிஆர் கணக்கில் ஒரு பயணிக்கு 1,519 என்று 2024 டிசம்பர் 28 முதல் உயர்த்தியிருக்கிறார்கள். நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி வரும். ‘ஒரு பயணிக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பணம் வாங்கும்போது எங்கள் வண்டி இரண்டு சைக்கிள். நஷ்ட ஈடு கேட்டபோது, ஒட்டியிருந்த சீட்டில் இவர் பெயர் மட்டும் இருந்ததால், அது ஒரே ஆளின் ஒரே சைக்கிள்.

அந்த நான்கு நாளும் ஆளுக்கொரு வாடகைச் சைக்கிள் எடுத்துச் சுற்றினோம். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக இவரை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தைப் பற்றி இங்கே எழுதுவது குடும்ப நலனுக்கு உகந்ததல்ல. நெதர்லாந்தில் வாடகைக்கு டேண்டமும் கிடைக்கிறது என்பதையும் அப்போதுதான் பார்த்தோம்.

பிறகு எதற்கு இந்தப் பாடு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. மூன்று நாள், நான்கு நாள் சுற்றுவதென்றால் நானும் வாடகைக்கே எடுங்கள் என்பேன். ஆனால் தினமும் அறுபது, எழுபது கிலோமீட்டர் என்று ஒரு வாரம் போகும்போது சீட்டின் உயரம் ஒரு விரற்கடை மாறினாலும் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். டேண்டத்தில் இந்தக் கணக்கு இரண்டு உடம்புக்கும் சேர்த்துப் பொருந்த வேண்டும். எங்கள் வண்டியில் அதைப் பொருத்த இரண்டு வருடம் ஆனது.

ஊர் திரும்பியதும் இரண்டு வழிதான் தெரிந்தன. ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் கெஞ்சுவது. அல்லது வண்டியை வெட்டுவது.

வெட்டினோம்.

கேட்கக் குரூரமாக இருந்தாலும் இது புதிய வைத்தியம் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் எஸ் அண்ட் எஸ் என்ற பட்டறை ஒரு இணைப்பைக் கொண்டுவந்தது. எஃகுக் குழாயை அறுத்து, இரண்டு முனையிலும் துருப்பிடிக்காத எஃகில் பல்வைத்த கிண்ணம் மாதிரி ஒன்றைப் பற்றவைத்துவிடுவார்கள். ஒரு முனைப் பல் எதிர்முனைப் பள்ளத்தில் உட்காரும். மேலே மரை போட்ட வளையம் ஒன்று இரண்டையும் இழுத்து இறுக்கும். இறுக்கத் தனி ஸ்பேனர். சரியாக இறுக்கிவிட்டால் ஓட்டும்போது வண்டி ஒட்டு என்பதே தெரியாது. எங்களுடையது பழைய எஃகு வண்டி என்பதால் இது சாத்தியமானது; அலுமினிய வண்டியை இப்படி அறுத்து ஒட்ட முடியாது. ஓரிகன் மாநிலத்தில் பைக் ஃபிரைடே என்ற கம்பெனி பிறப்பிலேயே மடக்கும் டேண்டம்களைச் சின்னச் சக்கரத்தோடு செய்கிறது. புதிதாக வாங்குபவர்கள் அதையும் யோசிக்கலாம். எங்களுக்கு இந்த வண்டியோடு உறவு முற்றியிருந்தது.

மூன்று துண்டாகப் பிரியும் வண்டி, 26 அங்குல நீளம், 26 அகலம், 10 உயரமுள்ள இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கும். கூட்டிப் பாருங்கள்: சரியாக 62. அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் விமான நிலையத்தில் நன்றாக அடிபட்டவராகத்தான் இருக்க வேண்டும். வண்டி 19 கிலோ. பெட்டிகள் ஆறாறு கிலோ. பங்கு போட்டால் பெட்டிக்குப் பதினைந்தரை. மிச்சம் ஏழரைக் கிலோவில் துணிமணி, ஸ்பேனர், இரண்டு டியூப், ஒரு பாட்டில் மாங்காய்த் தொக்கு. ஏழரை என்று வந்ததைப் பார்த்து என் அம்மா முகம் சுளித்தார்.

அடுக்குவது பொங்கலுக்குப் பரண் ஒழிப்பதைப் போன்ற வேலை. முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. பெடலில் தொடங்க வேண்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பது தெரியாமல் பலம் காட்டியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். குழாய்களுக்கு உறை போட நாங்கள் வாங்கியது ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு நுரைக் குழாய்; மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. எந்த முனை எதோடு சேரும் என்பதற்கு வளையல் நிறங்களில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்தேன். இந்தப் பயணத்தில் நான் காட்டிய பொறியியல் திறமை அது ஒன்றுதான். பின்கவை மறுபடி நசுங்காமலிருக்க நடுவில் முட்டுக்கொடுக்க வேண்டும். டேண்டத்துக்கு அந்த இடைவெளி 145 மில்லிமீட்டர், ஒற்றைச் சைக்கிளைவிட அகலம். இவர் ஏதேதோ குழாய்களை அளந்து பார்த்துவிட்டுக் கடைசியில் சமையலறைக்கு வந்தார். கைப்பிடி உடைந்த பூரிக்கட்டை ஒன்று, இரண்டு பக்கமும் அறுபட்டு, எங்களோடு ஐரோப்பா வந்தது.

சக்கரத்தில் ஒரு சிக்கல். ரிம்மின் குறுக்களவு 622 மில்லிமீட்டர். பெட்டியின் உள்ளே 660-ஐ ஒட்டி. வெறும் ரிம் போகும்; காற்றடித்த டயரோடு போகாது. ஆகவே காற்றை இறக்கியாக வேண்டும். விமான நிறுவனங்களும் டயரில் காற்றை இறக்கு என்றுதான் சொல்கின்றன, ஆனால் வேறு காரணத்துக்கு: மேலே போனால் வெடித்துவிடுமாம். வெடிக்காது. சாமான் அறையிலும் பயணிகள் அறை மாதிரியே காற்றழுத்தம் வைத்திருக்கிறார்கள். எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கும் அளவுக்கு அது குறையும். அதனால் டயருக்குள் கூடுதலாகத் தெரியும் அழுத்தம் நாலு பிஎஸ்ஐ இருந்தால் அதிகம். 80-ல் இருக்கும் டயர் 84 ஆகும். நம் பஞ்சர் கடையில் அசட்டையாக அடிக்கும் ரெண்டு அடி அதைவிட அதிகம். அன்றைக்கு டபுள்ஸ் போனதற்குப் போலீஸ் காற்றை இறக்கியது, இன்றைக்கு ஏர்லைன்ஸ்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியவை வேறு. லித்தியம் பேட்டரியை, முக்கியமாக உதிரியாக வைத்திருப்பதை, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். மின்சார சைக்கிளின் பேட்டரி 160 வாட்-மணியைத் தாண்டுவதால் பயணிகள் விமானத்தில் எந்தப் பையிலும் ஏறாது. டயருக்கு நொடியில் காற்றடிக்கும் சின்ன வாயுக் குப்பிகளுக்கு விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். கைப்பம்ப் இருக்கும்போது அந்தத் தலைவலி எதற்கு?

வெட்டிய வண்டியோடு அடுத்த பயணம் கிளம்பும் அன்று சுங்கத்துறை மேசைக்குப் போய் ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொண்டோம். திரும்பி வரும்போது, ‘இது அங்கே வாங்கியதுதானே, வரி கட்டு’ என்று யாரும் கேட்டால் காட்டுவதற்கு. அதிகாரி பெட்டியைத் திறந்து பெடல் அச்சுக்குக் கீழே அடித்திருந்த எண்ணைத் தேடினார். இதில் பெடல் அச்சு இரண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெட்டியில். இரண்டாவது பெட்டியில் எண் கிடைத்தது. ‘சைக்கிள் – 1, பாகங்களாக’ என்று எழுதிக்கொடுத்தார். கவுண்டரில் பெட்டிகள் ஒவ்வொன்றும் 22 கிலோ காட்டின. அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பொழுதுபோக்குக்குப் போகிறவர்களுக்கு அரைநாள் போனால் போகட்டும். கடிகாரத்தோடு போட்டி போடுகிறவர்களின் கதையைக் கேளுங்கள். சைக்கிளில் உலகைச் சுற்றியதாகக் கின்னஸ் ஏற்க வேண்டுமானால் குறைந்தது 18,000 மைல், அதாவது சுமார் 28,970 கிலோமீட்டர் மிதித்திருக்க வேண்டும். கடலை மிதித்துக் கடக்க முடியாதே, விமானம் ஏறலாம். ஆனால் விமானத்தில் இருக்கும்போதும் கடிகாரம் ஓடும். வண்டியைக் கழற்றுவது, அடைப்பது, கவுண்டரில் வாதாடுவது, மறுகரையில் பூட்டுவது எல்லாம் சாதனைக் கணக்கில் சேரும். கேட் டிக்ஸன், ராஸ் மார்ஸ்டன் என்ற இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் ‘ஆலிஸ்’ என்று பெயர் வைத்த டேண்டத்தில் 2019 ஜூன் 29-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து புறப்பட்டார்கள். 2020 மார்ச் 18-ம் தேதி அதே ஊருக்குத் திரும்பினார்கள்: 263 நாள், 8 மணி, 7 நிமிடம். தேதியைப் பாருங்கள். கொரோனாவுக்காக ஐரோப்பா ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டிருந்த வாரம் அது. 2022-ல் லாரா, ஸ்டீவி மாஸி-பியூ தம்பதி பெர்லினிலிருந்து பெர்லினுக்கு ஏறக்குறைய 180 நாளில் சுற்றி முடித்தார்கள். ஆறு மாதம் அதே முதுகைப் பார்த்துக்கொண்டிருந்து, சேர்ந்தே வீடு திரும்பியிருக்கிறார்கள் என்பதற்கே தனியாக ஒரு விருது கொடுக்கலாம்.

எங்கள் பாதை அதற்கெல்லாம் ஒரு மூலைக்குக் காணாது. ஜெர்மனியின் பஸ்ஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, டான்யூப் கரையோரமாகச் சுமார் 320 கிலோமீட்டர். மியூனிக்கில் இறங்கி ரயிலில் பஸ்ஸாவுக்குப் போனோம். ரயிலிலும் எங்கள் டேண்டம் வெறும் இரண்டு பெட்டிகள். பஸ்ஸா மூன்று ஆறு கூடும் ஊர். இல்ஸ் கறுப்பாக, இன் பால் கலந்த பச்சையாக வந்து டான்யூபில் விழுகின்றன. பழைய நகராட்சிக் கட்டடச் சுவரில் வெள்ளம் வந்த வருடங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013-ன் கோடு 12.89 மீட்டர், ஐந்நூறு வருடத்தில் அதுதான் பெரிய வெள்ளம். 1501-ல் வந்தது மட்டும் அதற்கு மேலே.

விடுதியின் சைக்கிள் அறையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பூட்டினோம். நெயில் பாலிஷ் புள்ளிகள் கைவிடவில்லை. காலிப் பெட்டிகளை என்ன செய்வது என்பதுதான் இந்த மாதிரிப் பயணத்தின் பெரிய கேள்வி. டான்யூப் பாதையில் சைக்கிள்காரர்களின் சாமான்களை விடுதிக்கு விடுதி வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டிகளை வியன்னா விடுதி முகவரிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினோம்.

எட்டு கிலோமீட்டர் போயிருப்போம். என் இடது முழங்கால் ஏதோ சொல்ல ஆரம்பித்தது. பெடல் மேலே வருகிற நொடியும் இவருடைய கால் மேலே வருகிற நொடியும் ஒட்டவில்லை. தாளம் தப்பிய பஜனையில் கை தட்டுகிற மாதிரி இருந்தது.

"என்னங்க, உங்க காலும் என் காலும் ஒண்ணா சுத்தல."

"நீ வேகமா மிதிக்கிற."

"ஒரே செயின்ல நான் எப்படிங்க வேகமா மிதிக்க முடியும்?"

வண்டியை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. இடதுபக்கச் செயினைப் பூட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தார். ஒரே ஒரு பல். கண்ணுக்குக் கஷ்டப்பட்டுத்தான் தெரியும். காலுக்கு உடனே தெரியும். செயினை விரலால் நெம்பி ஒரு பல் நகர்த்தி உட்கார வைத்தார். கை முழுக்க கறுப்பு மை. மின்சார சைக்கிளில் வந்த வயதான தம்பதி நின்று, ஈரக் காகிதத் துண்டு நீட்டினார்கள். அந்த அம்மாள் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இவரைக் கண்ணால் காட்டித் தலையை ஆட்டினார். பாஷை தேவைப்படவில்லை.

பாதை பழைய காலத்துப் படகு இழுக்கும் வழி. நீராவி வருவதற்கு முன் ஆற்றோட்டத்துக்கு எதிராகப் படகுகளைக் குதிரை கட்டி இழுத்துப்போக வெட்டியது. குதிரைக்கு ஏற்ற சரிவு என்பதால் ஸ்டோக்கருக்கும் ஏற்றதாக இருக்கிறது. கரையில் கிலோமீட்டர் பலகைகள் உண்டு. டான்யூபைத் தலைகீழாக அளக்கிறார்கள்: ருமேனியாவில் கடலில் கலக்கும் சுலினா முகத்துவாரம் பூஜ்யம். பஸ்ஸாவில் 2,225. நாங்கள் மிதிக்க மிதிக்க எண் இறங்கிக்கொண்டே வந்தது. இவர் முதுகுக்கு இரண்டு பக்கமும் பார்க்க எனக்குக் கிடைத்த நல்ல படம் அதுதான். பலகை வரும்போதெல்லாம் சத்தமாக வாசித்தேன். ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு கருங்கல் மலையில் முட்டி, வந்த வழியே திரும்புகிற மாதிரி முழு வளைவு எடுக்கிறது. வடகரையில் வந்தால் அங்கே பாதை முடிந்து, சைக்கிள்களை ஏற்றும் படகைப் பிடிக்க வேண்டும். படகுக்காரர் எங்கள் வண்டியை ஒரு பார்வை பார்த்து, நீளவாக்கில் சாய்த்து வைக்கக் கையைக் காட்டினார். அவ்வளவுதான். எத்தனை சீட்டு என்று கேட்கவில்லை.

மெல்க் மடத்தின் மஞ்சள் சுவர் தூரத்திலிருந்து ஒரு மணி நேரம் கூடவே வருகிறது. அங்கிருந்து கிரெம்ஸ் வரை வாஹாவ் பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் திராட்சை, மறுபக்கம் ஆப்ரிகாட் தோட்டம். ஜூலையில் போனதால் வழியெல்லாம் பழக்கடை. வில்லன்டார்ஃப் கிராமத்தில் 1908-ல் தோண்டி எடுத்த கல் பெண் சிலை சுமார் முப்பதாயிரம் வருடம் பழையது. உயரம் 11 சென்டிமீட்டர். கைப்பையில் அடங்குவாள், அவளுக்கு எந்தக் கவுண்டரிலும் தகராறு வராது. அன்று மத்தியானம் ஒரு திண்ணைக் கடையில் மரில்லன் க்னோடல் என்று கேட்டு வாங்கினோம். மாவுக்குள் முழு ஆப்ரிகாட் பழத்தை வைத்து உருட்டி, வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டியது. அளவில் பெரிய கொழுக்கட்டை. பூரணத்துக்குப் பதில் புளிப்பு. இவர் மூன்று சாப்பிட்டார். அடுத்த இருபது கிலோமீட்டர் யார் மிதித்தார்கள் என்பது எனக்கும் என் தொடைக்கும் தெரியும்.

ஸ்வென்டன்டார்ஃபில் பாதை ஒரு அணுமின் நிலையத்தை ஒட்டிப் போகிறது. கட்டி முடித்தார்கள், 1978 நவம்பர் 5-ம் தேதி மக்களிடம் வாக்கெடுத்தார்கள், ஐம்பது சதவீதத்தைச் சற்றே தாண்டியவர்கள் வேண்டாம் என்றார்கள், ஒரு நாள்கூட ஓடவில்லை. அதன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். மறுநாள் வியன்னா ரைஷ்பாலத்தில் பலகை 1,929 என்றது. விடுதியில் எங்கள் பெட்டிகள் எங்களுக்கு முன்பே வந்து, வரவேற்பறையில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கழற்றி அடைக்க இந்த முறை ஒன்றரை மணி நேரம். பூரிக்கட்டையை மட்டும் காணாமல் அரைமணி தேடினோம். தொக்கு பாட்டிலைச் சுற்றியிருந்த துண்டுக்குள் இருந்தது.

சென்னையில் பெல்ட்டில் முதல் பெட்டி உடனே வந்தது. இரண்டாவது கடைசியில் வந்தது. ஆம்ஸ்டர்டாமை நினைத்துக்கொண்டு நடுவில் இருந்த அந்தப் பத்து நிமிடமும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சுங்கத்தில் ஒரு இளைஞர் கூப்பிட்டார்.

"இதுல என்ன மேடம்?"

"சைக்கிள்."

"அதுல?"

"மீதி சைக்கிள்."

இவர் சான்றிதழை நீட்டினார். அந்தப் பையன் ‘சைக்கிள் – 1’ என்பதைப் படித்தான். பெட்டிகளைப் பார்த்தான். மறுபடி படித்தான். "முன்பாதி எது சார், பின்பாதி எது?"

"கலந்து இருக்கு தம்பி."

போங்க என்று கையைக் காட்டினான். வெளியே டாக்ஸிக்காரர் டிக்கியைத் திறந்தார். கேஸ் சிலிண்டர் பாதி இடத்தை அடைத்திருந்தது. ஒரு பெட்டிதான் போனது. மற்றதைப் பின்சீட்டில் வைத்து, அதை ஒட்டி என்னையும் அடைத்தார்கள். இவர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். பழையபடி இவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.